கப்பலேறும் முன்பே காயவேண்டிய மரம்

மணலியிலும் திருவொற்றியூரிலும் இருக்கும் சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்கு நிலைய) கிடங்குகளில் மரக் கன்டெய்னரின் கதவைத் திறக்கும்போது, கண் பார்ப்பதற்கு முன்பே மூக்கு சேதி சொல்லிவிடும். புளித்த, ஈரம் மக்கிய வாடை அடித்தால் முன்வரிசைப் பலகையில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் இருக்கும். வெளிறிய மரமாக இருந்தால், பலகையை இழைத்த பிறகும் போகாத நீலக்கறை உள்ளே ஓடியிருக்கும். அன்றே வழக்கு ஆரம்பமாகிவிடும். ஏற்றும்போது சரக்கு சுத்தமாக இருந்தது என்பார் விற்றவர். மரத்தின் இயல்புக்கு நாங்கள் பொறுப்பல்ல என்பார் கப்பல்காரர். நடுவில் நிற்கும் மரவாடிக்காரர், விலையைக் குறைத்துத் தள்ளிவிட ஆள் தேடுவார்.

இந்த நோய்க்குச் சந்தையில் மருந்து பல உண்டு: ஏற்றுமதி நாட்டில் முக்கியெடுக்கும் ரசாயனக் கரைசல், கன்டெய்னர் சுவரில் தொங்கவிடும் ஈரமுறிஞ்சிப் பைகள், மெத்தில் புரோமைடு புகை, வெப்பமூட்டிய முத்திரை. ஒவ்வொன்றையும் விற்பவர் அதுவே தீர்வு என்கிறார். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துப் பார்த்தால், கன்டெய்னரில் ஏற்றும் நாளில் மரத்துக்குள் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்ற ஒரே கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் தீர்மானிக்கிறது. ஏன் என்று காட்டுகிறேன்.

முதலில் நோயைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பூஞ்சணம் மேலே படர்வது. டிரைக்கோடெர்மா, பெனிசிலியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் வித்துத்தூள் அது. துடைத்தாலோ இழைத்தாலோ பெரும்பாலும் போய்விடும். நீலக்கறை வேறு சாதி. குளிர்நாட்டுப் பைனில் ஓபியோஸ்டோமா இனமும், நம்மைப்போன்ற வெப்பநாட்டு மரங்களில் லாசியோடிப்ளோடியா என்பதும் இதற்குக் காரணம். இவற்றின் இழைகளில் கருநிறமி உண்டு. மரத்தின் வெளிவட்டமான வெள்ளைப் பகுதியில் சேமித்திருக்கும் மாவையும் சர்க்கரையையும் தின்றபடி உள்ளே போகின்றன. வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்குள் அவ்வளவாக நுழைவதில்லை. மரத்தின் எலும்பான செல்லுலோஸை இவை தொடுவதில்லை. அதனால் கறைபட்ட மரம் உளுத்த மரம் அல்ல. வளைவுத் தாங்குதிறன் பெரிதாகக் குறையாது. திடீர் அடியைத் தாங்குவது கொஞ்சம் குறையலாம், பாலிஷை ஒரே சீராக உறிஞ்சாது. கான்கிரீட் சட்டத்துக்கும் பெட்டிக்கும் தாராளமாகப் போகும். கதவுக்கும் மேசைக்கும் போகாது. விலைச்சரிவு முழுக்க அங்கேதான்.

நீலமாகத் தெரிவதெல்லாம் பூஞ்சையும் அல்ல. தேக்கு, ஓக், கருவேல் போன்ற டேனின் உள்ள மரத்தில் ஈர இரும்புப் பட்டை பட்டால் மைபோலக் கறுக்கும். ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைத் தொட்டுத் தேய்த்தால் இரும்புக்கறை வெளுக்கும், பூஞ்சைக்கறை அசையாது. இந்தச் சின்னப் பரிசோதனையைச் செய்யாமலே கடிதச் சண்டை போடுபவர்கள் நம் வட்டாரத்தில் அதிகம்.

பூஞ்சைக்கு ஈரம் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தின் ஈரம் உலர் எடையில் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குக் கீழே போனால் நீலக்கறைப் பூஞ்சை வளராது. சொட்டச் சொட்ட நனைந்து, காற்றுக்கே இடமில்லாமல் போனாலும் வளராது. கோழிக்கோட்டில் கல்லாயி ஆற்றில் தலைமுறை தலைமுறையாகக் கட்டைகளை மிதக்கவிட்டுக் காத்ததில் இந்த இரண்டாவது வழியும் அடக்கம். ஆபத்து இரண்டுக்கும் இடைப்பட்ட அரைகுறை ஈரத்தில் இருக்கிறது. புதிதாக வெட்டிய மரத்தைக் கன்டெய்னரில் அடைத்து வாரக்கணக்கில் வெப்பநாட்டுக் கடல்வழியாக அனுப்புவது, அதைத் துல்லியமாக அந்த இடைநிலையில் வைத்திருக்கும் வேலை.

சென்னைக்கு மரம் கடல்வழி வருவது புதிதல்ல. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களாக நிற்கும் பர்மா தேக்கும் கப்பலில் வந்ததுதான். அப்போது ஏன் இந்தத் தொல்லை இவ்வளவு பேசப்படவில்லை? பர்மாக் காடுகளில் தேக்கை உடனே வெட்டமாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றி, வெள்ளைப் பகுதி அறுபட வளையமாக வெட்டி, நின்றபடியே பட்டுப்போகவிட்டு, இரண்டு மூன்று ஆண்டு கழித்துத்தான் சாய்ப்பார்கள். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது என்பதே அதற்குக் காரணம். பூஞ்சணத்தை நினைத்து யாரும் செய்யவில்லை. பிறகு ஐராவதி ஆறு கட்டையை மறுபடி நனைக்கவும் செய்தது. ஆகவே உலர்த்தல் மட்டும் காத்தது என்று சொல்லிவிட முடியாது. வயதான பெருமரம், அதில் வைரமே பெரும்பங்கு, கட்டையைச் செதுக்கிச் சதுரமாக்கும்போது வெள்ளை பெரும்பாலும் கழிந்துவிடும் என்ற மூன்றும் சேர்ந்தே காத்தன.

மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுக்கட்டை ஏற்றுமதியைத் தடைசெய்தது. அதற்கு முன்பிருந்தே வந்துகொண்டிருந்த தோட்டத் தேக்கின் பங்கு அதன்பின் கூடியது. எக்வடோர், பனாமா, கோஸ்டா ரிகா, கானா, தான்சானியா என எங்கிருந்தெல்லாமோ வருகிறது. இவை இளமரங்கள், கட்டையின் குறுக்குவெட்டைப் பார்த்தாலே சுற்றிலும் அகலமாக வெள்ளை தெரியும். பர்மா தேக்கு என்று கேட்டு வளர்ந்த நம் வாடிக்கையாளர், தேக்குக்குப் பூஞ்சணமே வராது என்று நம்புகிறார். அது வைரத்துக்கு மட்டும் பொருந்தும் உண்மை. இளந்தேக்கின் வெள்ளை, மென்மரங்களைப் போலவே கறை ஏற்கும். மரம் மாறிவிட்டது, கொள்முதல் பழக்கம் மாறவில்லை. இன்றைய நஷ்டங்களில் பாதி இதிலிருந்தே பிறக்கிறது என்பது என் கணிப்பு.

இனி மருந்துகளுக்கு வருவோம்.

ஈரமுறிஞ்சிப் பைகளைப் பற்றிய கணக்கு எளியது, யாரும் போட்டுப் பார்க்கலாம். நாற்பது அடி கன்டெய்னரில் 40 கன மீட்டர் பைன் பலகை ஏற்றினால், முழுக்க உலர்ந்த நிலையில் அதன் எடை சுமார் 17 டன். ஈரம் 25 சதவீதம் என்றால் அந்த மரத்துக்குள் நாலேகால் டன் தண்ணீர் பயணம் செய்கிறது. மிச்ச இடத்தில் இருக்கும் காற்று 30 டிகிரி வெப்பத்தில் முழுக்க ஈரத்தால் நிரம்பினாலும் அதில் ஒரு கிலோ தண்ணீர்கூடத் தேறாது. கால்சியம் குளோரைடு பை தன் எடையைப்போல இரண்டு மடங்கு உறிஞ்சுகிறது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பை பத்து தொங்கவிட்டால் இருபது லிட்டர். அந்த மரத்தை 25 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கு இறக்க வேண்டுமானால் வெளியேற வேண்டியது ஏறத்தாழ 1,200 லிட்டர். பைகள் தளும்பி வழியும். மரத்துக்கு அது நடந்ததே தெரியாது. ஆனால் காய்ந்த மரத்துடன் போகும்போது அதே பைகளுக்கு ஒரு பயன் உண்டு: கதவு ரப்பர் வழியே நுழையும் ஈரத்தையும், கன்டெய்னரின் மரத்தரை விடும் ஈரத்தையும் அவை பிடிக்கும். நல்ல சரக்கைக் காக்கும், கெட்ட சரக்கைத் திருத்தாது.

இந்தக் கணக்கின் மறுபக்கம்தான் முக்கியம். மூடிய பெட்டிக்குள் காற்றின் ஈரப்பதத்தை நிர்ணயிப்பது மரமே. 12 சதவீத ஈரமுள்ள மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சுமார் 65 சதவீத ஈரப்பதத்தில் நிறுத்திவைக்கும். 16 சதவீத மரம் அதை 80க்குக் கொண்டுபோகும். பூஞ்சணம் தலைகாட்டும் எல்லை ஏறத்தாழ அதுதான். 20 சதவீத மரத்தோடு இருக்கும் காற்று 90ஐத் தொடும். ஆக, 15 சதவீதத்துக்குக் கீழே காய்ந்த மரம் தன் பெட்டியைத் தானே காத்துக்கொள்கிறது. ஈரமரம் தன் பெட்டியைத் தானே கெடுக்கிறது.

முக்கியெடுக்கும் ரசாயனத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கமாட்டேன். முன்பு இந்த வேலையைப் பென்டாகுளோரோஃபீனால் செய்தது. மலிவாகவும் திறமாகவும் செய்தது. அது தொழிலாளியின் தோல்வழி ஏறும் நஞ்சு, மண்ணில் நெடுநாள் தங்கும் நஞ்சு. இந்தியாவில் தடைப்பட்டியலில் இருக்கிறது. 2015இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் அதைச் சேர்த்துக்கொண்டது. இன்று புரோபிகோனசோல், ஐ.பி.பி.சி., குவாட்டர்னரி அம்மோனியம் வகைகள் அந்த இடத்தில் இருக்கின்றன. சரியாகச் செய்தால் இவை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காக்கும். அந்தச் சரியாக என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. வெப்பநாட்டில் மரம் வெட்டி ஓரிரு நாளுக்குள் முக்கவேண்டும். மருந்து மேல்தோலில் சில மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அதற்குள் பூஞ்சை உள்ளே புகுந்திருந்தாலோ, கட்டையைத் துளைக்கும் வண்டு அதை ஆழத்தில் விதைத்திருந்தாலோ, மருந்து பூசிய தோலுக்கு அடியில் கறை நிதானமாக ஓடும். வெளியே சுத்தம், அறுத்தால் நீலம். வாங்குபவரை அதிகம் ஏமாற்றும் சரக்கு இதுதான். முக்கியெடுத்த நாள், வெட்டிய நாள் இரண்டும் எழுத்தில் இல்லாத மருந்துச் சான்றிதழுக்கு மதிப்பே இல்லை.

ரப்பர் மரத்தை மட்டும் இதில் விலக்காகச் சொல்லவேண்டும். மாவுச்சத்து மிகுந்த அந்த மரம் ஒரு நாள் தாமதத்தையும் பொறுக்காது. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் அறுத்தவுடனே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, பிறகு சூளையில் உலர்த்துகிறார்கள். மருந்தும் உலர்த்தலும் அங்கே போட்டி அல்ல, அடுத்தடுத்த படிகள். மற்ற மரத்துக்கும் அதே ஒழுங்கைக் கேட்பதில் தவறில்லை.

புகைமூட்டம் பற்றிய நம்பிக்கை ஒரு தவறான புரிதல். பூச்சியைக் கொல்லும் சான்றிதழ் இருக்கிறதே, பூஞ்சை எப்படி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. பெட்டி மரத்துக்கான பன்னாட்டு விதி கேட்கும் மெத்தில் புரோமைடு அளவு, 21 டிகிரிக்கு மேல் ஒரு கன மீட்டருக்கு 48 கிராம், 24 மணி நேரம். அது வண்டுக்கும் புழுவுக்குமான அளவு. அமெரிக்க ஓக் கட்டையில் ஓக் வாடல்நோய்ப் பூஞ்சையைக் கொல்ல வைத்திருந்த அளவு 240 கிராம், 72 மணி நேரம். ஐந்து மடங்கு மருந்து, மூன்று மடங்கு நேரம். அதிலும் புகை கலைந்தபிறகு மரத்தில் காவல் எதுவும் மிஞ்சுவதில்லை. மறுநாள் விழும் வித்து தடையில்லாமல் முளைக்கும். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி மற்றப் பயன்களிலிருந்து விலக்கப்பட்டு, தனிமைப்படுத்தல் தேவைக்கு மட்டும் விட்டுவைக்கப்பட்ட வாயு அது. நிறமும் கிடையாது, அபாயத்தை உணர்த்தும் மணமும் கிடையாது. காற்றோட்டம் விடாமல், அளந்து பார்க்காமல், கதவைத் திறந்தவுடன் சுமைதூக்குபவரை உள்ளே அனுப்பும் வழக்கம் எங்கே இருந்தாலும் அது குற்றம். காற்றிலும் தண்ணீரிலும் ஏற்கெனவே இவ்வளவு சுமக்கும் வடசென்னையின் உடம்பு இதையும் சுமக்கக்கூடாது. சட்டம் கேட்கும் புகையைப் போட்டுத்தான் ஆகவேண்டும். பூஞ்சணத்துக்காகக் கூடுதலாகப் போடச் சொல்வது வீண்.

வெப்பமூட்டிய முத்திரையும் அப்படியே. மரத்தின் நடுவில் 56 டிகிரி, 30 நிமிடம் என்பது பூச்சிக்கான விதி; உலர்த்துவதற்கான விதி அல்ல. ஈரம் வெளியேறாமல் சூடாக்கிய பச்சைமரத்தில் சர்க்கரை மேற்பரப்புக்கு வந்துசேர்வதால், முன்பைவிடப் பூஞ்சணம் கூடவும் செய்யும். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் உதிரிபாகப் பெட்டி செய்துகொடுக்கும் பட்டறைகள் இந்த முத்திரையை நம்பி ஈரப்பைனை வாங்கி, ஏற்றுமதிப் பெட்டி பச்சைபூத்த பிறகு விழிக்கின்றன. வாங்கும்போது கேட்கவேண்டியது சூளையில் உலர்த்தியது என்ற குறி. அதோடு ஈர அளவு.

இதுவரை சொன்னது ஏற்றுமுனை. நம் முனையும் குற்றமற்றது அல்ல. ராயபுரம் காசிமேட்டுப் பக்கம் ஜீரோ கேட்டை நோக்கி எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பது நாம் பார்த்துப் பழகிய காட்சி. சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி மூன்றிலிருந்தும் பெட்டிகள் மணலி, மாதவரம் பக்கத்துக் கிடங்குகளுக்கு வந்து, சுங்கத்துக்கும் பிளான்ட் குவாரண்டைன் பார்வைக்கும் காத்திருக்கின்றன. வெயிலில் எஃகுக் கூரை 60 டிகிரியைத் தொடும். மரத்திலிருந்து ஈரம் ஆவியாகி எழும். இரவில் கூரை குளிரும்போது அதே ஈரம் அடியில் முத்துமுத்தாகத் திரண்டு மேல்வரிசைப் பலகையில் சொட்டும். இட்லிப்பானை மூடியின் அடிப்புறம்தான் அந்தக் கூரை. கடலில் ஒரு மாதம் அடங்கிக்கிடந்த பூஞ்சை, இந்தக் காத்திருப்பு நாட்களில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிடும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலி, எண்ணூர் வட்டாரம் நாட்கணக்கில் நீரில் நின்றது. அதே மாதத்திலிருந்து செங்கடல் வழியை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கிய கப்பல்களால், ஐரோப்பியப் பைனும் பீச்சும் இங்கே வந்துசேர இரண்டு வாரம்வரை கூடியது. 25 சதவீத ஈரத்தில் ஏறிய மரத்துக்கு அந்த இரண்டு வாரம் மரணம். 13 சதவீதத்தில் ஏறிய மரத்துக்கு அது வெறும் தாமதம்.

இதில் பணம் எங்கே திரும்பக் கிடைக்கும் என்று பார்த்தால், பெரும்பாலும் எங்குமில்லை. 1963ஆம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, சரக்கின் உள்ளியல்புக் குறைக்கும் தாமதத்தால் வரும் நஷ்டத்துக்கும் காப்பீட்டாளரைப் பொறுப்பாக்குவதில்லை. கடல்நீர் புகுந்தது என்றால் இழப்பீடு கேட்கலாம். தன் ஈரத்தில் தானே பூத்த மரத்துக்குக் கேட்க வாய்ப்பு மிகக்குறைவு. ஆகவே காப்பு இருக்கவேண்டிய இடம் பாலிசி அல்ல, கொள்முதல் ஒப்பந்தம்.

எதிர்வாதங்கள் இரண்டு, இரண்டுக்கும் எடை உண்டு. சூளை உலர்த்தல் செலவு பிடிக்கும், ஆப்பிரிக்காவின் பல ஏற்றுமதி மையங்களில் சூளையே போதாது என்பது ஒன்று. செலவு உண்மை. ஆனால் மேலே சொன்ன அதே பைன் 25லிருந்து 14 சதவீதத்துக்கு வந்தால் ஒரு பெட்டிக்கு ஏறத்தாழ 1.9 டன் தண்ணீர் குறைகிறது. எடைவரம்பில் முட்டிநிற்கும் கனமான மரங்களில் அந்த இடத்தில் மரம் ஏற்றலாம். தண்ணீருக்குக் கப்பல்கூலி கொடுப்பதை நிறுத்தினால் சூளைச்செலவில் ஒரு பங்கு அங்கேயே ஈடாகும். அளவு மீறிக் காயவைக்கவும் தேவையில்லை: 8 சதவீதத்துக்கு உலர்த்திய பலகை சென்னைக் காற்றைக் குடித்து உப்பும், கதவு இறுகும். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 287, நாட்டை ஈரப்பதத்தின்படி நான்கு மண்டலமாகப் பிரித்து அனுமதிக்கும் ஈரத்தை வகுத்திருப்பது இதற்காகத்தான். இந்தக் கடற்கரைக்கு 12 முதல் 15 போதும்.

இரண்டாவது வாதம் கனமானது. உருட்டுக்கட்டையைச் சூளையில் வைக்க முடியாது. அறுத்து உலர்த்திய மரமாகவே வாங்கினால் இங்குள்ள சா மில்களும் அதை நம்பிய குடும்பங்களும் என்னாவது? இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உருட்டுக்கட்டை இறக்குமதியை நிறுத்தச் சொல்லும் தீர்ப்பு நம் ஊருக்குத் தீங்கு. அதற்கு நடுவழி உண்டு: வெள்ளையைச் சீவிச் சதுரமாக்கி, இருமுனையிலும் மெழுகு பூசிய கட்டை. கறை உண்ணும் பகுதி ஏற்றுமுனையிலேயே கழிகிறது, அறுக்கும் வேலை இங்கே மிஞ்சுகிறது. முழு உருட்டுக்கட்டையாகத்தான் வேண்டும் என்பவர், வெள்ளையில் கறை வரும் என்று கணக்கிட்டே விலை பேசவேண்டும். வந்தபிறகு வாதாடுவதில் நியாயமில்லை.

என் தீர்ப்பு இது. பலகைக்குச் சூளை உலர்த்தலே தடுப்பு. முக்குமருந்து அதற்கு முந்திய நாட்களைக் காக்கும் துணை. ஈரமுறிஞ்சிப் பை காய்ந்த சரக்குக்கு மட்டும் கூடுதல் காவல். புகையும் வெப்பமுத்திரையும் பூஞ்சணத்துக்கு மருந்தே அல்ல. மரவாடி நடத்தும் ஒவ்வொருவரும் அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள்: ஏற்றும் நாளில், பலகையின் நடுவில், ஊசி ஈரமானியில் 15 சதவீதத்துக்கு மேல் காட்டும் சரக்கு ஏற்கப்படாது, அளவு ஏற்றுமுனையில் மூன்றாம் நபரால் பதிவாகவேண்டும். சி.எஃப்.எஸ். நடத்துபவர்கள் மரப்பெட்டிகளைக் கூரைக்கடியில் நிறுத்த இடம் ஒதுக்குங்கள். மழைக்காலத்திலாவது அவற்றின் பரிசோதனையை முன்வரிசையில் வைக்கச் சுங்கமும் குவாரண்டைனும் முன்வரவேண்டும். பெட்டி வந்தவுடன் திறந்து, வாயு அளந்து, காற்றோட்டம் விட்டு, பலகைகளுக்கிடையே ரீப்பர் வைத்து நிழலில் அடுக்குங்கள். ஊசி ஈரமானி ஒன்றின் விலை, கறைபட்ட ஒரு கன்டெய்னரில் இழக்கும் பணத்தில் சிறு துளிகூட ஆகாது.